ட்ஸைட்லர்: காட்டில் தேன் வெட்டியவர்களின் பெயர்

ஜெர்மனியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு யாரையாவது பார்க்கப் போனால் அவர்களுடைய குடும்பப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் வீடுகளுக்கு எண் இருக்காது. தெருவாசலில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பப்பெயர். தபால்காரரும் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நியூரம்பெர்க் பக்கம் குடிவந்த புதிதில் இந்தப் பலகைகளை நின்று படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. முல்லர் என்றால் மாவரைக்கும் ஆலைக்காரர். ஷ்னைடர் தையல்காரர். வாக்னர் வண்டி செய்பவர். ஃபிஷர் மீன் பிடிப்பவர். வேபர் நெசவாளர். பெயரைப் படித்தால் தொழில் தெரிந்துவிடும்.

ஒரு பெயர் மட்டும் அகப்படவில்லை. ட்ஸைட்லர். இந்தப் பகுதியில் அடிக்கடி கண்ணில் படுகிற பெயர். ஆனால் ஜெர்மன் வகுப்பில் படித்த எந்தத் தொழிலோடும் அது ஒட்டவில்லை. ஜெர்மன் மொழியில் நேரத்துக்கு 'ட்ஸைட்' என்று பெயர், அதனால் கடிகாரம் செய்தவர்களாக இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களே சிலர் சொன்னார்கள். கடிகாரத்துக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ட்ஸைட்லர் என்பவர் காட்டுக்குள் உயர்ந்த மரங்களில் பொந்து குடைந்து, அதில் தேனீக்களைக் குடியேற்றி, தேனடை வெட்டி எடுத்தவர். இன்றைய ஜெர்மனியில் அந்தத் தொழிலில் பிழைப்பவர்கள் இல்லை. சொல்லும் அன்றாடப் பேச்சில் இல்லை. அழைப்புமணிப் பலகையில் மட்டும் இருக்கிறது.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சட்டமும், ஒரு நீதிமன்றமும், ஒரு காட்டின் வரலாறும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தப் பெயர் மேல் பெரிய பற்று வந்துவிட்டது.

முதலில் ஜெர்மன் தொழில்பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த ஜெர்மானியர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு பழைய தொழிலைப் பெயரில் சுமக்கிறவர்கள்தான். கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் பெயர் ரொட்டி சுடுபவரைக் குறிப்பது. அதிபராக இருந்த கெர்ஹார்ட் ஷ்ரோடரின் பெயர் வடக்கே துணி வெட்டித் தைத்தவர்களுக்கு வழங்கியது. அதே சொல் வேறு சில இடங்களில் திராட்சை மது, பியர் பீப்பாய்களை உருட்டி ஏற்றி இறக்கியவர்களையும் குறித்தது. ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயர் ஊர்த்தலைவருடையது. 'ஷுல்ட்ஹைஸ்' என்ற பதவிப்பெயர் தேய்ந்து ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸெ என்று ஆனது. கிழக்கே சிலேசியப் பகுதியில் அது ஷோல்ட்ஸ் ஆயிற்று. ஊராரிடம் நிலுவைகளையும் கடமைகளையும் கேட்டு வசூலித்தவர் அவர்.

12ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் ஜெர்மன் பேசிய மக்களுக்கு ஒற்றைப் பெயர்தான். ஊர்கள் பெருத்தன, நகரங்களில் ஆட்கள் குவிந்தார்கள், ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். வரிப் பதிவேடும் சொத்துப் பதிவேடும் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. தகப்பன் பெயர், வந்த ஊர், வீடு இருந்த இடம், ஆளின் தோற்றம் அல்லது குணம், செய்த தொழில் என்று ஐந்து வழிகளில் அந்தப் பெயர்கள் வந்தன. தொடக்கத்தில் அவை ஆளோடு போய்விடும். ஆலைக்காரரின் மகன் தையல் வேலைக்குப் போனால் அவர் ஷ்னைடர். பிறகு மெல்ல மெல்ல, ஏறக்குறைய 15, 16ஆம் நூற்றாண்டுக்குள், பெயர் பரம்பரைக்குச் சொந்தமாகிவிட்டது. அதற்கு மேல் அரசுகளும் பூட்டுப் போட்டன. பவேரியாவில் 1677ஆம் ஆண்டு, விருப்பம்போல் பெயரை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று ஆணை வந்தது. பிரஷ்யாவின் 1794ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அதையே சொன்னது. தொழில் போனாலும் பெயர் போக முடியாமல் நின்றது இப்படித்தான்.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது, ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு சொல் இருந்ததும், அத்தனை சொற்களும் குடும்பப்பெயர்களாக நிலைத்ததும். மரப்பீப்பாய் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் அவர் போட்ஷர். நியூரம்பெர்க் அடங்கிய ஃப்ரான்கோனியாவில் பியூட்னர். பழைய பவேரியாவில் ஷெஃப்லர். தென்மேற்கே கியூஃபர். கொலோன் நகரத்துப் பக்கம் ஃபாஸ்பிண்டர். 2005ஆம் ஆண்டின் வீட்டுத் தொலைபேசி இணைப்புகளை வைத்து ஜெர்மன் மொழியியலாளர்கள் குடும்பப்பெயர்களுக்கு ஒரு பெரிய வரைபடத் தொகுதியே போட்டிருக்கிறார்கள். இரண்டு உலகப்போர், கோடிக்கணக்கானோர் இடம்பெயர்ந்தது, தொழிற்புரட்சி எல்லாம் நடந்த பிறகும் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் பிறந்த வட்டாரத்திலேயே கூட்டமாக இருப்பது அந்த வரைபடங்களில் தெரிகிறது.

சரி, ட்ஸைட்லருக்கு வருவோம்.

பழைய உயர்ஜெர்மனில், அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெற்குப் பக்கத்து ஜெர்மனில், இந்தச் சொல் 'ட்ஸீடலாரி'. இடைக்காலத்தில் 'ட்ஸீடலேரெ'. நெடிலாக இருந்த 'ஈ' பின்னால் 'ஐ' ஆனது. இந்த ஒலிமாற்றம் ஜெர்மனில் பரவலாக நடந்த ஒன்று. கடைசியில் இருக்கும் 'ஆரி' ஜெர்மானியச் சொத்து இல்லை. லத்தீன் மொழியில் தொழிலாளரைக் குறிக்கும் 'ஆரியுஸ்' என்ற விகுதியை ரோமானியர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். முல்லர், ஃபிஷர், பெக்கர் எல்லாவற்றிலும் வால் போல் ஒட்டியிருக்கும் 'அர்' அதிலிருந்து வந்ததுதான். முதற்பகுதியான 'ட்ஸீடல்' எங்கிருந்து வந்தது என்பதில் மொழியறிஞர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. வினைச்சொல்லின் பொருள் மட்டும் தெளிவு. 'ட்ஸைடல்ன்' என்றால் கூட்டிலிருந்து தேனடையை வெட்டி எடுப்பது.

இந்த 'வெட்டுதல்' முக்கியமானது. தேனீக்கூட்டைக் கண்டு புகை போட்டு முழுவதையும் பிய்த்துக்கொண்டு போவது ஒரு வகை. காடு இருக்கும் எல்லா நாட்டிலும் மனிதர் அதைச் செய்திருக்கிறார்கள். அதில் கூட்டம் அழிந்துவிடும். ட்ஸைட்லர் செய்தது வேறு. பருத்த, உயிரோடு நிற்கும் முதிய மரத்தைத் தேர்ந்தெடுப்பார். பெரும்பாலும் பைன் மரம். கயிற்றைச் சுற்றி ஏறி, தரையிலிருந்து பல ஆள் உயரத்தில், கோடரியாலும் உளியாலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குப் பொந்து குடைவார். பச்சை மரம் உடனே ஆகாது, உள்சுவர் காயும்வரை விட்டுவைக்க வேண்டும். பிறகு வாயைப் பலகையால் மூடி, தேனீ போகவர ஒரு சிறு துளை மட்டும் விடுவார். குடைந்த மரம் காற்றில் முறிந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் உச்சியை வெட்டிக் குட்டையாக்குவார். மெழுகைத் தடவி வைத்தால் இடம் தேடி அலையும் தேனீக்கூட்டம் தானாக வந்து சேரும். அறுவடையின்போது பலகையைக் கழற்றி, அடையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுவார். குளிர்காலம் முழுக்கத் தேனீக்கள் சாப்பிடுவதற்கானதை விட்டுவைப்பார். அடுத்த ஆண்டும் அதே மரம், அதே பொந்து.

அந்த உயரத்துக்குக் காரணம் கரடி. கரடிக்கு மரமேறத் தெரியும், அதனால் உயரம் மட்டும் போதாது. காட்டுத் தேன்காரர்கள் பல நாடுகளில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பொந்தின் வாய்க்கு முன்னால் கனமான ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். கரடி ஏறி வந்து கட்டையை ஒதுக்கித் தள்ளும். அது ஊசலாடித் திரும்பி வந்து கரடியின் முகத்தில் இடிக்கும். கரடி கோபத்தில் இன்னும் பலமாகத் தள்ளும், கட்டை இன்னும் பலமாகத் திரும்பி வரும்.

ஒரு தேன்காரருக்குத் தனிப் பட்டமும் தனி மரியாதையும் எதற்கு என்று கேட்கலாம். அன்றைய ஐரோப்பாவில் தேனும் மெழுகும் எவ்வளவு பெரிய பொருள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கரும்பு விளையாத நாடுகள் அவை. இனிப்பு என்றால் தேன், தவறினால் பழம். தேனைப் புளிக்கவைத்த மது எல்லா விருந்திலும் இருந்தது. தேனைவிட மெழுகுக்கு மதிப்பு இன்னும் அதிகம். தேவாலயத்தில் பீடத்து மெழுகுவத்திக்குத் தேன்மெழுகுதான் வேண்டும், மிருகக்கொழுப்பு ஆகாது. ஐரோப்பா முழுக்க எத்தனை தேவாலயங்கள், மடங்கள், அவற்றில் ஆண்டு முழுவதும் எத்தனை வழிபாடுகள்! மடங்களுக்கு ஆண்டுதோறும் மெழுகாகவே வரி செலுத்திய குடிமக்கள் ஒரு தனிச் சட்டப் பிரிவாகவே இருந்தார்கள். கி.பி. 800ஐ ஒட்டி ஃபிராங்கிய மன்னர் சார்லமேனின் அரசவை வெளியிட்ட பண்ணை நிர்வாக ஆணையில், ஒவ்வோர் அதிகாரியும் தன் பொறுப்பில் எத்தனை பண்ணைகள் உள்ளனவோ அத்தனை ஆட்களைத் தேனீ பார்க்க நியமிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பேரரசின் சட்டத்தில் தேனீக்கு ஒரு பத்தி.

இந்தத் தொழில் உச்சத்துக்கு வந்த இடங்களில் ஒன்று நான் குடியிருக்கும் பகுதி. நியூரம்பெர்க் நகரைச் சுற்றி இன்றும் ஒரு பெரிய காடு இருக்கிறது. பெயர் ரைஷ்ஸ்வால்ட், அதாவது பேரரசுக் காடு. பெக்னிட்ஸ் ஆறு அதை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே ஸெபால்ட் காடு, தெற்கே லோரென்ஸ் காடு. நகரத்தின் இரண்டு பெரிய தேவாலயங்களின் பெயர்கள் அவை. மணற்பாங்கான மண், விவசாயத்துக்கு அவ்வளவாக ஆகாது. பைன் மரமும் அதன் கீழே ஹீதர் புதரும் காட்டு அவுரிப்பழச் செடியும் நன்றாக வரும். தேனீக்கு இது நல்ல மேய்ச்சல். பேரரசின் தேனீத் தோட்டம் என்றே அந்தக் காட்டுக்கு ஒரு பெயர் இருந்தது.

1350ஆம் ஆண்டு ஜெர்மன் மன்னர் நான்காம் கார்ல் இந்தக் காட்டின் ட்ஸைட்லர்களுக்கு ஓர் உரிமைச் சாசனம் கொடுத்தார். அவர் புனித ரோமப் பேரரசராக முடிசூடியது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, ரோமில். ட்ஸைட்லர்களுக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த உரிமைகளை அந்தச் சாசனம் எழுத்தில் உறுதிப்படுத்தியது. பேரரசின் நகரங்களில் அவர்களுக்குச் சுங்கம் கிடையாது. ஃபாய்ஷ்ட் என்ற ஊரில் அவர்களுக்கென்று ஒரு தனி நீதிமன்றம், தேனீ வழக்குகளை அவர்களே உட்கார்ந்து தீர்க்கலாம். குறுக்குவில் வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. பதிலுக்கு மன்னருக்குத் தேன் வரி கட்ட வேண்டும். அவர் இந்தக் காடுகளின் வழியாகப் போகும்போது குறுக்குவில்லோடு வந்து சேவகம் செய்ய வேண்டும். சாதாரண உழவருக்கு ஆயுதம் மறுக்கப்பட்ட காலத்தில் ஒரு தேன்காரர் தோளில் குறுக்குவில்லோடு நடந்தார் என்பது பெரிய விஷயம். பழைய படங்களில் ட்ஸைட்லரை அடையாளம் காட்டுவது தேனீயை விட அந்த வில்தான்.

ஃபாய்ஷ்ட் நியூரம்பெர்க்குக்குத் தென்கிழக்கே, ரயிலில் சட்டென்று போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கே ட்ஸைட்லர்களுக்கு ஓர் அருங்காட்சியகமும், அவர்கள் பெயரில் ஒரு மாளிகையும் உண்டு. நான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் மனத்தில் நின்றது கருவிகளைவிட அந்த உரிமை முறைதான். காட்டுத் தேன் உரிமை ஆளுக்கு வாய்த்ததில்லை, பண்ணைக்கு வாய்த்தது. 'ட்ஸைடல்கூட்' என்று அதற்குப் பெயர். அந்தப் பண்ணை யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் காட்டின் குறிப்பிட்ட பகுதியில் தேன் உரிமை. காட்டு மண் மன்னருடையது. மரம் வெட்டும் உரிமை வேறொருவருக்கு. பன்றியும் மாடும் மேய்க்கும் உரிமை அக்கம்பக்கத்து ஊராருக்கு. அதே மரத்தில் குடைந்த பொந்தும் அதில் இருக்கும் தேனும் ட்ஸைட்லருக்கு. தனக்குரிய மரத்தில் கோடரியால் ஓர் அடையாளம் வெட்டிவைப்பார். ஒரே மரத்தின் மேல் நாலுபேருக்கு நாலுவித உரிமை, யாரும் முழுச் சொந்தக்காரர் இல்லை. இந்த ஏற்பாடு பல நூற்றாண்டு நடந்தது. பிற்பாடு இந்தத் தொழில் எப்படி ஒழிந்தது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது.

நியூரம்பெர்க்கின் தேனும் மிளகும் சேர்ந்து பிறந்ததுதான் லெப்கூகன் என்ற தேன்கேக். இந்நகரத்து வணிகர்கள் வெனிஸ் வழியாக வந்த கிழக்குநாட்டு மசாலாப் பொருள்களைக் கைமாற்றினார்கள். கிராம்பு, இலவங்கப்பட்டை, ஏலம், ஜாதிக்காய் எல்லாம் நகரத்தில் கிடைத்தன. நகரத்தைச் சுற்றி தேன். 1643ஆம் ஆண்டு லெப்கூகன் சுடுகிறவர்களுக்கு இந்நகரத்தில் தனிச் சங்கமே அமைந்தது. கிறிஸ்துமஸ் சந்தையில் இன்று விற்கும் லெப்கூகனில் பெரும்பாலும் சர்க்கரைதான் தூக்கல். நான் தேன் போட்டதைத் தேடித்தான் வாங்குவேன்.

பெயரின் வடிவங்களுக்கு வருகிறேன். ட்ஸைட்லர் என்ற பெயர் ஜெர்மன் எழுத்தில் இரண்டு விதமாக வரும். ஒன்றில் மென்மையாக ஒலிக்கும் 'ட', இன்னொன்றில் அழுத்தி ஒலிக்கும் 'ட'. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும், ஃப்ரான்கோனியர் வாயிலும் அதே கதைதான். இந்த வட்டாரப் பேச்சில் அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். பாதிரியாரோ எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதினார். மென்மையான வடிவம் சாக்சனிப் பக்கம் அதிகம். அழுத்தமான வடிவம் பவேரியாவின் மேல் பலாட்டினேட் பகுதியில் அதிகம். நேரத்தைக் குறிக்கும் 'ட்ஸைட்' என்ற சொல்லையும் அந்த அழுத்தமான எழுத்தில்தான் எழுதுவார்கள், கடிகாரக் கதை கிளம்பியது இந்த இரண்டாவது எழுத்துமுறையால்தான்.

ஊர்ப்பெயர்களிலும் சொல் கிடக்கிறது. ரேகன்ஸ்பூர்க் நகருக்கு வடக்கே ட்ஸைட்லார்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'தேன்காரர்கள் இருக்கும் இடத்தில்' என்பது அந்தப் பெயரின் பொருள். ஃபிஷ்டல் மலைகளில் வுன்ஸீடல் ஊர்ப் பக்கம் ட்ஸைடல்மோஸ் என்று ஒரு காட்டுப் பகுதி இருக்கிறது. இன்னும் கிழக்கே போனால் இதே தொழிலுக்குச் சொல்லே மாறிவிடும். மரப்பொந்துக் கூட்டுக்கு 'பாய்ட்ட' என்று பெயர், அதை வைத்து அங்கே தேன்காரரை பாய்ட்னர் என்றார்கள். அதுவும் குடும்பப்பெயராக இருக்கிறது. இதை பாய்ட்லரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, பாய்ட்லர் தோல்பை தைத்தவர். போலந்துக்குள் போனால் மரப்பொந்துக் கூடு 'பார்ச்', தேன்காரர் பார்ட்னிக். அதுவும் அங்கே குடும்பப்பெயர்.

ஜெர்மனிக்குள்ளேயே இருந்த ஸ்லாவிய இனமான சோர்பியர்கள் இந்தத் தொழிலில் பெரிய ஆட்கள். மேல் லௌசிட்ஸ் பகுதியில், முஸ்காவ் ஊரைச் சுற்றிய மணற்காடுகளில், அவர்களுடைய ட்ஸைட்லர் சங்கங்கள் நெடுநாள் இயங்கின. ஆடம் கோட்லோப் ஷிராக் என்ற சோர்பியப் பாதிரியார் 1766ஆம் ஆண்டு அங்கே ஒரு தேனீ ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். தேனீக்கள் சாதாரணப் புழுவிலிருந்தே புதிய ராணியை உருவாக்க முடியும் என்று கவனித்துச் சொன்னவர் அவர். காட்டுத் தேனீ வளர்ப்பைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார்.

இன்றைக்கு ஒரு ஜெர்மானியரிடம் தேனீ வளர்ப்பவருக்கு என்ன சொல் என்று கேட்டால் 'இம்கர்' என்பார். இது வடக்கிலிருந்து, தாழ்ஜெர்மன், டச்சு மொழிப் பக்கத்திலிருந்து வந்த சொல். 'இம்மெ' என்றால் தேனீ, 'கார்' என்றால் கூடை. வைக்கோல் புரியைச் சுருட்டிப் பின்னிய கூடையில் தேனீ வளர்த்த ஆள் இம்கர். வடக்கே லியூனபூர்க் ஹீதர் வெளிகளில் பெருமரக் காடு இல்லை, கூடைதான் தோது. பூ இருக்கும் இடத்துக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆக, தெற்கில் மரத்தை வைத்து ஒரு சொல், வடக்கில் கூடையை வைத்து ஒரு சொல். வென்றது கூடைச் சொல்.

இந்தப் போட்டியின் தொடக்கத்தை மிகப் பழைய ஒரு ஜெர்மன் எழுத்திலேயே பார்க்கலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. லோர்ஷ் மடத்தில் இருந்த ஒரு லத்தீன் ஏட்டின் ஓரத்தில், ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஏட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, பழைய உயர்ஜெர்மனில் ஒரு சிறு மந்திரத்தை எழுதிவைத்திருக்கிறார். ஏடு இப்போது வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பறந்துபோன தேனீக்கூட்டத்தைத் திரும்ப அழைக்கும் பாட்டு அது. அதில் கூட்டத்துக்கு வரும் சொல் 'இம்பி'. இன்றைய இம்மெயின் மூத்த வடிவம். தேனீயே, உட்கார், மரியன்னை ஆணையிடுகிறாள், விடுப்பு இல்லாமல் போகாதே, காட்டுக்குப் பறந்துவிடாதே என்று அந்தப் பாட்டு கெஞ்சுகிறது. மடத்துத் தோட்டக்காரர் எதற்கு அஞ்சி மந்திரம் சொன்னாரோ அதற்காகத்தான் ட்ஸைட்லர் மெழுகு தடவிக் காத்திருந்தார்.

ஒரு தொழில் ஒழிவதற்கு ஒற்றைக் காரணம் இருக்காது. பலர் சர்க்கரையைச் சொல்வார்கள். அது உண்மைதான். அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரை முதலில் வந்தது. 1747ஆம் ஆண்டு பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்க்கிராஃப் பீட்ரூட் கிழங்கில் அதே சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் கார்ல் ஆகார்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலேசியாவில் முதல் பீட்ரூட் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்துக்குப் பிறகு பல பகுதிகளில் மடங்கள் மூடப்பட்டு மெழுகுவத்தித் தேவை குறைந்தது. முப்பதாண்டுப் போர் ஊர்களைக் காலியாக்கியது.

ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் காட்டைப் பற்றிய கணக்கு மாறியதுதான். அதன் முதல் அடியும் இதே காட்டில்தான் விழுந்தது. நியூரம்பெர்க்கின் உலோகப் பட்டறைகளுக்கும் அடுப்புகளுக்கும் விறகும் கரியும் கொடுத்துக் கொடுத்து ரைஷ்ஸ்வால்ட் இளைத்துப்போயிருந்தது. 1368ஆம் ஆண்டு பீட்டர் ஸ்ட்ரோமர் என்ற வணிகர் லோரென்ஸ் காட்டில் ஊசியிலை மர விதைகளைத் தூவி வளர்த்துக் காட்டினார். காட்டைத் திட்டமிட்டு விதைத்ததில் ஐரோப்பாவில் முதன்மையான பதிவு அது. கார்லின் சாசனத்துக்கு வெறும் பதினெட்டு ஆண்டு கழித்து. காடு அழியாமல் காப்பாற்றிய செயல் என்று ஸ்ட்ரோமரைப் புகழ்கிறார்கள், அது சரிதான். ஆனால் விதைத்து, ஒரே வயதில் நெருக்கமாக வளர்த்து, பருவத்தில் வெட்டி விற்கும் காட்டில், பொந்து குடையும் அளவுக்குப் பருத்த கிழமரத்துக்கு இடம் கிடையாது. 1427ஆம் ஆண்டு நகரம் காட்டை விலைக்கு வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் காட்டியல் ஒரு படிப்பாகவும் அரசுத் துறையாகவும் வளர்ந்தபோது, குடைந்த மரம் என்பது கெட்டுப்போன மரம், விலை போகாத மரம். மேய்ச்சல், சருகு அள்ளுதல், தேன் என்று காட்டின் மேல் பலருக்கு இருந்த பழைய உரிமைகளை அரசுகள் பணம் கொடுத்தோ நிலம் கொடுத்தோ தீர்த்து முடித்தன. காட்டுக்கு ஒரே சொந்தக்காரர், மரத்துக்கு ஒரே பயன். அந்த நாலுபேர் உரிமை போன பிறகு ட்ஸைட்லர் நிற்க இடமில்லை.

அதே நேரத்தில் பெட்டிக்கூடு வந்துவிட்டது. சிலேசியப் பாதிரியார் யான் ஜியெர்ஜோன் கூட்டை அழிக்காமல் அடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1850களில் ஆகுஸ்ட் ஃபோன் பெர்லெப்ஷ் அதில் மரச்சட்டத்தைச் சேர்த்தார். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் அதே காலத்தில் தன் பெட்டியைச் செய்தார். தோட்டத்திலேயே, தரையிலேயே, ஏணிகூட இல்லாமல் தேன் எடுக்க முடிந்தது. இம்கர் என்ற சொல்லில் இருந்த கூடையும் அத்துடன் போயிற்று என்றாலும், சொல் பெட்டிக்காரருக்கு மாறி உயிரோடு இருந்துகொண்டது.

ட்ஸைட்லர் குடும்பங்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். லைப்ட்சிக்கில் மாக்ஸ் பிளாங்க் கணித நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர் எபர்ஹார்ட் ட்ஸைட்லர் என்ற கணித அறிஞர். இன்னொருவர் ஆஸ்திரிய வேதியியலாளர் ஓத்மார் ட்ஸைட்லர். 1874ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்கில் அடோல்ஃப் ஃபோன் பாயரின் ஆய்வகத்தில் மாணவராக இருந்தபோது அவர் ஒரு புதுச் சேர்மத்தை உருவாக்கி, செய்முறையை வெளியிட்டார். அது எதற்குப் பயன்படும் என்று அவர் ஆராயவில்லை. 1939ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பால் முல்லர் அந்தச் சேர்மம் பூச்சிகளைக் கொல்வதைக் கண்டார். அதற்கு அவருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. சேர்மத்தின் பெயர் டிடிடி. மலேரியாக் கொசுவையும் டைஃபஸ் பரப்பும் பேனையும் கொன்று எத்தனையோ உயிர்களைக் காத்த அந்தப் பொருள் தேனீயையும் கொல்லும். தேன்காரர் பெயர் கொண்டவர் செய்தார், மாவாலைக்காரர் பெயர் கொண்டவர் அதன் வேலையைக் கண்டார். இரண்டு தொழில்பெயர்களும் இந்த ஒரு பொருளில் வந்து சேர்ந்திருப்பதை முதலில் படித்தபோது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

ரஷ்யாவின் உரால் மலைத் தெற்கில் பாஷ்கிர் மக்கள் மட்டும் இந்தத் தொழிலை விடவேயில்லை. அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டுதான் போலந்துக்காரர்கள் தங்கள் நாட்டில் மறைந்துபோன மரத்தேன் தொழிலுக்கு மறுபடி உயிர்கொடுத்தார்கள். 2020ஆம் ஆண்டு போலந்து, பெலாரஸ் நாடுகளின் மரத்தேனீ வளர்ப்பை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜெர்மனியிலும் ஆர்வலர்கள் கயிறும் உளியுமாகப் பயிற்சி எடுத்து மரங்களில் பொந்து குடையத் தொடங்கியிருக்கிறார்கள். தங்களை ட்ஸைட்லர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். குடும்பப்பெயர் முல்லராகவோ ஷ்மிட்டாகவோ இருக்கலாம், செய்யும் வேலை ட்ஸைட்லர் வேலை. இவர்களில் பெரும்பாலோருக்குத் தேன் முக்கியமில்லை. தேனீ காட்டில் தன் போக்கில் வாழ இடம் வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மரத்தைக் குடைந்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. 1970களின் பிற்பகுதியில் வரோவா என்ற ஆசிய ஒட்டுண்ணி ஜெர்மனிக்குள் வந்த பிறகு, மனித உதவி இல்லாமல் காட்டில் தேனீக்கூட்டமே இருக்காது என்று பலர் நம்பினார்கள். வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹைனிஷ் காட்டிலும் ஸ்வாபிய ஆல்ப் மலைக்காடுகளிலும் தேடிப் பார்த்தார்கள். ஹைனிஷில், இரையெடுத்துத் திரும்பும் தேனீக்கள் பறக்கும் திசையைப் பின்தொடர்ந்து கூட்டைக் கண்டுபிடிக்கும் பழைய தேன்காரர் முறையையே கையாண்டார்கள். கருப்பு மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் தேனீக்கூட்டங்கள் குடியிருப்பதை 2018ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தொடர்ந்து பல ஆண்டு கவனித்ததில், அந்தக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஓராண்டைத் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. பக்கத்து வளர்ப்புப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் புதுக்கூட்டம் பிரிந்து வந்து காலிப் பொந்துகளை நிரப்புகிறது. ஒட்டுண்ணி ஒரு பக்கம் இருக்க, குளிர்காலத்துக்குச் சேமிக்கப் போதிய பூ கிடைக்காததும் ஒரு காரணம் என்பது அவர்கள் முடிவு. பழைய ட்ஸைட்லருக்குப் பொந்தோடு மேய்ச்சல் உரிமையும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தது. இன்றைய காட்டிலும் அதை ஒட்டிய வயல்களிலும் அந்த மேய்ச்சலை யார் கொடுப்பது என்பதுதான் இப்போது இங்கே காட்டுத்துறையும் உழவரும் தேன்காரரும் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்.